தலைக்கு மேலே இரண்டு விசிறி: வட்டகொடையில் ஒரு சின்ன ஹெலிகொப்டர்

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் நடுவில் இருக்கிறது வட்டகொடை ரயில் நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,300 மீற்றருக்கு மேலான உயரம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் எதிர் மலையில் உள்ள லயம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்படியொரு பின்னேரம் என் சின்னம்மாவின் வீட்டு இஸ்தோப்பில் அமர்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் "விர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டது.

சின்னம்மாவின் கை நின்றுவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார். "நிப்பாட்டுடா அத" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். சத்தம் நின்றது. தம்பி வெளியே வந்தான். கையில் இரண்டு மோட்டார் பொருத்திய ஒரு சட்டகம், ஒரு பக்கத்து விசிறியின் நுனி உடைந்திருந்தது. "மறுபடி சுத்திக்கிட்டே போகுதுக்கா" என்றான்.

சின்னம்மா கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவர். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில் ஒன்று அவர் புகுந்த வீடு. 2009இல் கைக்குழந்தையோடு முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தார். அந்தக் கைக்குழந்தைதான் இப்போது உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி. அவனுக்கு அந்த நாட்கள் ஞாபகம் இல்லை. அவருக்கு இருக்கிறது. ஹெலி என்றால் முதலில் பங்கருக்குள் ஓடு, பிறகு பார் என்று பழகிய காது அது.

இந்தக் கட்டுரை ஹெலிகொப்டரைப் பற்றியது. குறிப்பாக, இரண்டு பெரிய விசிறிகளால் பறக்கும் ஹெலிகொப்டரைப் பற்றியும், அதன் சிறு வடிவத்தை வீட்டில் எப்படிச் செய்யலாம் என்பதைப் பற்றியும். நம்மில் பலருக்கு அந்த இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு வாய்ப்பு இருந்ததில்லை.

ஏன் சுற்றிக்கொண்டே போகிறது?

தம்பியின் சிக்கலில் இருந்தே தொடங்கலாம். கையில் பிடிக்கும் ட்ரில் மெஷினால் பலகையில் துளை போட்டவர்களுக்கு இது தெரியும். ட்ரில் முனை பலகையில் இறுகிவிட்டால், மெஷின் நம் மணிக்கட்டை எதிர்ப்பக்கம் முறுக்கும். மோட்டார் ஒன்றை ஒரு திசையில் திருப்பும்போது, மோட்டாரைத் தாங்கும் உடல் மறு திசையில் திரும்பப் பார்க்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று பாடசாலையில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது.

ஹெலிகொப்டரின் விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் உடல் மேலே எழும்புகிறது. ஆனால் விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது உடல் மறு பக்கம் சுற்றத் தொடங்கும். நாம் வழமையாகக் காணும் ஹெலிகொப்டரின் வாலில் ஒரு சிறு விசிறி பக்கவாட்டாக நிற்பது இதற்காகத்தான். உடல் சுற்றாமல் வாலைத் தள்ளிப் பிடிப்பது அதன் வேலை. இகோர் சிகோர்ஸ்கி அமெரிக்காவில் 1939இல் பறக்கவிட்ட விஎஸ்-300 இந்த அமைப்பை நிலைநிறுத்தியது.

வால் விசிறிக்கு ஒரு குறை உண்டு. அது இயந்திரத்தின் சக்தியில் ஒரு பங்கைத் தின்கிறது, ஆனால் தூக்குவதற்கு உதவுவதில்லை. இரட்டை விசிறி அமைப்பு இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒரே அளவான இரண்டு விசிறிகளை எதிரெதிர்த் திசையில் சுற்றவிட்டால், ஒன்றின் முறுக்கலை மற்றது ரத்துச் செய்துவிடும். இரண்டும் காற்றைக் கீழேதான் தள்ளுகின்றன. சக்தி முழுவதும் தூக்குவதற்கே போகிறது.

தம்பி செய்த பிழை இப்போது விளங்கும். அவன் வாங்கிய இரண்டு விசிறிகளும் ஒரே கை. இரண்டும் ஒரே திசையில் சுற்றினால்தான் காற்று கீழே போகும். அதனால் முறுக்கல் ரத்தாகவில்லை, இரட்டிப்பாகிவிட்டது. இந்த விசிறிகள் வலம், இடம் என்று சோடியாக விற்கப்படுகின்றன, சோடியாகவே வாங்கவேண்டும். மோட்டாரின் திசையை மாற்றுவது இலகு. பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மூன்று வயர் இருக்கும். அவற்றில் எந்த இரண்டை மாற்றிப் பொருத்தினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்.

சைக்கிள் கடையில் தொடங்கிய கதை

இந்த யோசனை வால் விசிறியை விடப் பழையது. பிரான்சில் சைக்கிள் செய்து விற்ற போல் கோர்னு, சைக்கிள் சில்லுப் போன்ற இரண்டு பெரிய சக்கரங்களில் தகடுகளைப் பொருத்தி, முன்னும் பின்னுமாக வைத்து, 24 குதிரைவலு இயந்திரத்தால் சுற்றினார். 1907 நவம்பர் 13ஆம் திகதி அது நிலத்திலிருந்து ஓர் அடி அளவுக்கு எழும்பியது என்று சொல்லப்படுகிறது. அந்தச் சக்தியில் அது உண்மையில் எழும்பியிருக்க முடியுமா என்று பிற்காலத்துப் பொறியியலாளர்கள் சந்தேகப்பட்டாலும், முறுக்கலை இரண்டு விசிறியால் தீர்க்கலாம் என்ற அவரது கணக்குச் சரியானதுதான்.

அதன் பிறகு நான்கு விதமான இரட்டை விசிறி அமைப்புகள் வந்தன.

முதலாவது, முன்னும் பின்னும். அமெரிக்காவின் சினூக் இந்த வகை. 1961இல் முதலில் பறந்து இன்றுவரை சேவையில் இருக்கிறது. பாரத்தை முன்பின்னாகக் கொஞ்சம் மாற்றி ஏற்றினாலும் இரண்டு விசிறிகளும் பங்குபோட்டுத் தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, பக்கத்துக்குப் பக்கம். ஜெர்மனியின் எஃப்டபிள்யூ 61 இந்த வகையில் 1936இல் பறந்தது. 1938இல் ஹன்னா ரைட்ஷ் என்ற பெண் விமானி அதை பேர்லினில் ஒரு மூடிய மண்டபத்துக்குள்ளேயே பறக்கவிட்டுக் காட்டினார்.

மூன்றாவது, ஒன்றன்மேல் ஒன்று. ஒரே அச்சில், குழாய்க்குள் குழாயாக இரண்டு தண்டுகள். மேல் விசிறி ஒரு பக்கமும் கீழ் விசிறி மறு பக்கமும் சுற்றும். ரஷ்யாவின் கமோவ் ஹெலிகொப்டர்கள் இப்படியானவை.

நான்காவது, முட்டை அடிக்கும் கருவியைப் போல இரண்டு விசிறிகளும் சாய்வாக நின்று ஒன்றின் இடையில் மற்றது புகுந்து சுற்றுவது. அமெரிக்காவின் கேமன் நிறுவனத்தின் கே-மெக்ஸ் இதற்கு உதாரணம்.

மலைநாட்டுக்காரர்களுக்கு இதில் முக்கியமானது முதலாவது வகை. உயரம் கூடக்கூடக் காற்று இலேசாகிறது, ஹெலிகொப்டரின் தூக்கும் வலு குறைகிறது. அங்கே வால் விசிறிக்குப் போகும் சக்தியும் மிச்சமானால் பெரிய உதவி. 2005 காஷ்மீர் பூகம்பத்தில் பாதைகள் அறுந்துபோன மலைக்கிராமங்களுக்கு உணவும் கூடாரமும் கொண்டுபோனவற்றில் சினூக்குகளும் இருந்தன.

வட்டகொடைக் காற்றுக்கு ஒரு கணக்கு

வீட்டில் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு என் முதல் யோசனை, எதையும் வாங்காமல் ஒன்றைக் கழற்றிப் பார்ப்பது. திருவிழாக் கடைகளில் விற்கும் சிறிய பொம்மை ஹெலிகொப்டர்களில் அநேகமானவை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறி கொண்டவை. பழுதான ஒன்றைத் திறந்தால் இரண்டு சிறு மோட்டார், இரண்டு பற்சில்லு, குழாய்க்குள் ஒரு தண்டு என்று எல்லாவற்றையும் காணலாம். இடம், வலம் திரும்புவதற்கு அது ஒரு மோட்டாரைச் சற்று வேகமாகவும் மற்றதைச் சற்று மெதுவாகவும் ஓட்டுகிறது. முறுக்கல் சமன் குலைந்ததும் உடல் திரும்புகிறது. உச்சியில் குறுக்கே இருக்கும் பாரம் வைத்த கம்பி, பம்பரம்போலச் சுற்றி, பொம்மை ஆடாமல் பிடிக்கிறது.

சொந்தமாகச் செய்வதற்கு இலகுவானது பக்கத்துக்குப் பக்கம் வகை. ஒரு குறுக்குச் சட்டம், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மோட்டார். ஒவ்வொரு மோட்டாரும் ஒரு சிறிய சேர்வோவின் மேல் நின்று முன்னும் பின்னும் சாயக்கூடியதாக இருக்கவேண்டும். நடுவில் பற்றரி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், மோட்டார் வேகத்தை ஆளும் இரண்டு சிறு அட்டைகள், கைரோ உள்ள பறப்புக் கட்டுப்பாட்டு அட்டை ஒன்று.

அது பறக்கும் விதம் இது. இரண்டு மோட்டாரும் முன்னே சாய்ந்தால் முன்னே போகும். ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் சாய்ந்தால் நின்ற இடத்தில் திரும்பும். ஒரு பக்கத்து விசிறி வேகம் கூடினால் மறுபக்கம் சரியும். இந்தத் திருத்தங்களை ஒரு செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்யவேண்டும், மனிதக் கையால் முடியாது. கைரோ சரிவை உணர்ந்து சொல்ல, அட்டை திருத்துகிறது. ஆர்டுபைலட் போன்ற இலவச மென்பொருட்கள் இரட்டை விசிறி ஹெலிகொப்டர்களையும் ஆதரிக்கின்றன. கணினியிலேயே ஓட்டிப் பழகும் வசதியும் அவற்றில் உண்டு. கணினியில் எத்தனை தடவை விழுந்தாலும் செலவில்லை.

இனி எடை. செய்யும் மாதிரி 600 கிராம் என்று வைப்போம். நின்ற நிலையில் மிதக்க ஒவ்வொரு விசிறியும் 300 கிராம் தூக்கவேண்டும். காற்றடித்தாலும் சமாளிக்க அதைப்போல இரண்டு மடங்கு வலு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது ஒரு மோட்டாருக்கு 600 கிராம். ஆனால் கடையில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் கடல்மட்டக் காற்றுக்கு உரியது. வட்டகொடை உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 12 வீதம் குறைவு. எனவே 600ஐ 0.88ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 680 கிராம் வருகிறது. கொழும்பில் இருப்பவருக்குச் சரியாக இருக்கும் மோட்டார் நமக்குப் போதாமல் போவது இதனால்தான். தூக்கும் விசை விசிறி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், அதே எடையைத் தாங்க இங்கே விசிறி ஆறு, ஏழு வீதம் வேகமாகச் சுற்றவேண்டும். பற்றரியும் அதற்கேற்பச் சீக்கிரம் இறங்கும். குளிரும் பற்றரியின் வலுவைக் குறைக்கும். பறக்கவிடும் முன் பற்றரியைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சற்றுச் சூடாக்குவது நல்லது.

லயத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த மாதிரிகளுக்குப் பயன்படும் லித்தியம் பொலிமர் பற்றரி பிழையாக சார்ஜ் செய்தாலோ, அடிபட்டு வீங்கினாலோ தீப்பற்றும். ஒரு கலத்தின் வோல்ட்டேஜ் 4.2க்கு மேல் ஏறக்கூடாது, 3க்குக் கீழ் இறங்கக்கூடாது. ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்தையும் கொண்டுபோகும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குரிய சார்ஜரில் மட்டும், மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்து, ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே சார்ஜ் செய்யவேண்டும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது.

முதல் சோதனையை விசிறி இல்லாமல் செய்யுங்கள். மோட்டார்கள் எதிரெதிரே சுற்றுகின்றனவா, மாதிரியைக் கையால் சரித்தால் அட்டை சரியான பக்கம் திருத்துகிறதா என்று பாருங்கள். பிறகு விசிறியைப் பூட்டி, செங்கல்லில் நூலால் கட்டி, ஓர் அடிக்கு மேல் எழும்பாதபடி ஓட்டுங்கள். கண்ணாடி போடுங்கள். சின்னப்பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். கையளவு விசிறியாலும் விரலைக் கிழிக்க முடியும்.

செவ்வாயில் பறந்ததும் இதே யோசனைதான்

காற்று இலேசான இடத்தில் பறப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வட்டகொடையை விடப் பெரிய உதாரணம் செவ்வாய்க் கிரகம். அங்கே வளிமண்டல அடர்த்தி பூமியில் உள்ளதில் ஏறத்தாழ ஒரு வீதம்தான். 2021 ஏப்ரல் 19ஆம் திகதி நாசாவின் இன்ஜெனுவிட்டி அங்கே மூன்று மீற்றர் எழும்பி 39 செக்கன் பறந்து இறங்கியது. வேறொரு கிரகத்தில் இயந்திரச் சக்தியால் கட்டுப்பாட்டோடு பறந்த முதல் வானூர்தி அதுதான். எடை 1.8 கிலோகிராம். ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிரே சுற்றும் இரண்டு விசிறிகள், முனைக்கு முனை 1.2 மீற்றர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்று. அதன் மூளையாக இருந்தது கைபேசிகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு சிப். ஐந்து பறப்புகளுக்கு என்று அனுப்பப்பட்டது 72 தடவை பறந்து, 2024 ஜனவரியில் விசிறி சேதமாகி ஓய்ந்தது.

அதன் தலைமைப் பொறியியலாளர் பொப் பலராம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1990களில் அவர் இந்த யோசனையை முன்வைத்தபோது பணம் ஒதுக்கப்படவில்லை. பல ஆண்டுகள் அது அலுமாரியில் கிடந்தது. அதே சென்னையில் எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களின் தக்‌ஷா குழு, மாதிரி விமானத்தில் ஆர்வமுள்ள நடிகர் அஜித்குமாரை ஆலோசகராக வைத்துக்கொண்டு, 2018இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. மருத்துவ உதவியை எட்டாத இடத்துக்கு ஆளில்லா விமானத்தைப் பயன்படுத்துவதே அந்தப் போட்டியின் நோக்கம்.

எட்டாத இடம் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகப் பாதைகள் மண்சரிவால் துண்டிக்கப்பட்டு, பல இடங்களுக்கு உணவும் மருந்தும் ஹெலிகொப்டரில்தான் போயின. இரண்டு விசிறி மாதிரி ஒன்றைச் செய்யும் பதினேழு வயதுப் பிள்ளை நாளைக்கே யாரையும் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யக்கூடிய பொறியியலாளர் இப்படித்தான் எங்கோ தொடங்குகிறார்.

அனுமதி, சந்தேகம், செலவு

கட்டுவது ஒன்று, பறக்கவிடுவது வேறொன்று. இலங்கையில் ஆளில்லா விமானங்களை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை எடைப்படி வகைப்படுத்திக் கட்டுப்படுத்துகிறது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு சில நாட்களில் நாடு முழுவதும் ட்ரோன்கள் பறக்கவிடுவது தடைசெய்யப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். விதிகள் இப்படித் திடீரென மாறக்கூடியவை. ஆகவே பறக்கவிடும் முன் உங்கள் மாதிரியின் எடையைச் சொல்லி, என்ன பதிவு, என்ன அனுமதி வேண்டும் என்று அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் ரிமோட், ரிசீவருக்கான இறக்குமதி விதிகளையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு கனம் இருக்கிறது. 1990களில் வடக்கின் போர்ப் பகுதிகளுக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்ட தலைமுறை நம்முடையது. வயரும் ரிமோட்டும் வைத்திருக்கும் தமிழ்ப் பையன் என்றால் இன்றும் சிலருக்குப் புருவம் உயரும். அதற்காகச் செய்யாமல் இருக்கத் தேவையில்லை. மறைத்துச் செய்யக்கூடாது, அவ்வளவுதான். பாடசாலை விஞ்ஞான மன்றத்தின் பெயரில், ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில், பகலில், திறந்த மைதானத்தில் செய்யுங்கள். ஆரம்பத்தில் கமரா பூட்டாதீர்கள். ரயில் பாதை, மின்கம்பி, முகாம், கூட்டம் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம்.

செலவும் சிறிதல்ல. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகி, 2024இல் 1,350 ரூபாவானது. ஒரு பற்றரியும் சார்ஜருமே கொழுந்து எடுக்கும் ஒரு தாயின் பல நாள் உழைப்பு. தனிப் பிள்ளையால் முடியாதது ஒரு வகுப்பால் முடியும். ஒரு பாடசாலைக்கு ஒரு செட் போதும். ஒருவர் சட்டகத்தைச் செய்ய, ஒருவர் வயரிங் செய்ய, ஒருவர் கணினியில் பழகலாம். உயர்தர விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை என்று நெடுங்காலமாகச் சொல்லும் மலையகப் பாடசாலைகளில், முறுக்கலையும் அடர்த்தியையும் கரும்பலகையில் மட்டும் படிப்பதை விட இது நன்றாக மனதில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் உதவ நினைத்தால், இன்னொரு விழா மண்டபத்தை விட இதற்கு உதவலாம்.

தம்பி புது விசிறிச் சோடி வாங்கிப் பூட்டிய அன்று நான் மறுபடி போயிருந்தேன். லயத்தின் பின்பக்கம், செங்கல்லில் கட்டிய நூலின் நீளத்துக்கு, ஓர் அடி உயரத்தில் அது நின்றது. சுற்றவில்லை. அதை இயக்கும் முன் அவன் இப்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் இயக்குகிறான். சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று சின்னம்மா சொல்லியிருக்கிறார். அன்றும் அவர் வெளியே வந்து பார்க்கவில்லை. கதவருகில் நின்று, "ஏன்டா இதுக்கு ரெண்டு காத்தாடி?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்னு போட்டா ஒடம்பு சுத்தும்மா. மத்தது அத நிப்பாட்டுது."

அவர் தலையாட்டினார். பின்னேரம் பற்றரியை மண்சட்டிக்குள் வைத்து சார்ஜில் போட்டபோது, அவரே ஒரு பலகைக்கட்டையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் பாத்துக்கிறேன். நீ போய்ப் படி" என்றார்.